கஸ்டமருக்குச் சொன்னது

தேவதாஸ் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். மலேசியாவில் ராசாவிலிருந்து சுங்கை சோ வரைக்கும் அவர் பயமுறுத்தாத குடும்பம் இல்லை. சோபா நுனியில் உட்கார்ந்துகொண்டு, கொடுத்த தேநீரைத் தொடாமல், "திடீர்னு நெஞ்சு வலி வந்தா என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்பார். அக்காவுக்கு அங்கேயே லேசாக வலிக்கத் தொடங்கும். பக்கத்தில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பது அவர் மனைவி தனுஜாவின் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோல சிலாங்கூரில் ஒரு புதுமனை விருந்தில் சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறியதும், அந்த வலி அவருக்கே வந்தது.

"வாயுவா இருக்கும்," என்றார். ஏர்கோன் முழு வேகத்தில் ஓடியும் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வாயு கை வரைக்கும் போகாது என்பது தனுஜாவுக்குத் தெரியும். ஸ்டேரிங்கைப் பிடித்திருந்த அவள் வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

"பக்கத்துலயே அரசாங்க ஆஸ்பத்திரி இருக்குங்க. திரும்பிருவோம்."

"அது நம்ம கம்பெனி பேனல் லிஸ்ட்ல இல்ல. கிள்ளான் போ."

"கிள்ளானா? இந்த ட்ராபிக் ஜேம்லயா?"

"ஊரு பூரா மெடிக்கல் கார்டு வித்துட்டு நானே அங்க போய்ப் படுத்தா, நாளைக்கு எவன் எங்கிட்ட வாங்குவான்? கிள்ளான்னா கார்ட காட்டுனா போதும். நேரா ரூமு."

அவர் சொன்னபடியே அவள் ஓட்டினாள். இருபது வருடப் பழக்கம், கால் தானாகவே எண்ணெய்ப் பெடலை மிதித்தது. ஜெராம் நெருங்க நெருங்க, நண்டு சாப்பிட வந்த கோலாலம்பூர் கார்கள் அடைத்துக்கொண்டன. முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி ஆடி அசைந்து போனது. முந்த இடமில்லை. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் உதடு சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது.

"என்னங்க, பேசிக்கிட்டே வாங்க."

"எத பேச?"

"எதையாச்சும். பாலிசி பத்தியாவது பேசுங்க."

பாலிசி என்ற சொல்லுக்கு அவர் பதில் பேசாமல் இருந்தது அவள் பார்த்து இதுதான் முதல் முறை. அப்போதுதான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

காரின் ஸ்பீக்கரில் போன் அலறியது. அவருடைய கஸ்டமர், சுங்கை சோ நல்லம்மாள்.

"தம்பி, நாளைக்கு பஸ்ல தாய்லாந்து ஹட்ஞாய் போறோம் லா. நீங்க குடுத்த ட்ராவல் இன்சூரன்ஸ் இருக்கு. அங்க திடீர்னு நெஞ்சு கிஞ்சு வலிச்சா, எந்த ஆஸ்பத்திரின்னு மொதல்ல உங்களக் கேக்கணுமா?"

தேவதாஸின் கண் மூடியபடியே இருந்தது. ஆனால் வாய் திறந்துகொண்டது. மூச்சு வாங்கினாலும் குரலில் அதே தேன்.

"வேணாங்கக்கா... எமர்ஜென்சின்னா... பக்கத்துல எது இருக்கோ நேரா அங்க போங்க. உசுருதான் முக்கியம். கம்பெனிக்கு... அப்புறம் சொல்லிக்கலாம்."

"நல்லாருங்க தம்பி," என்று நல்லம்மாள் போனை வைத்தாள்.

தனுஜா சிக்னல் கூடப் போடாமல் வண்டியை வளைத்தாள். பின்னால் நாலைந்து ஹாரன்கள் கத்தின.

"ஏய்! எங்க திருப்புற?"

"இப்பத்தான நீங்களே சொன்னீங்க!"

"அது கஸ்டமருக்குச் சொல்றது லா!"

அவள் காது கொடுக்கவில்லை. வந்த வழியே பறந்தாள். அவர் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. ஒரு கையால் ஓட்டி, மறு கையால் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே போனாள். விட்டால் எங்கோ போய்விடுவார் போல.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்ததும் தாதிகள் ஓடினார்கள். டாக்டர்களும் தாதிகளும் நடக்காமல் ஓடுவதைப் பார்ப்பது எவ்வளவு பயங்கரம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கதவு மூடியது. அவர் போனும் இன்சூரன்ஸ் கார்டும் அவள் கையில் தங்கிவிட்டன.

ரொம்ப நேரம் கழித்து ஒரு மலாய்க்கார டாக்டர் வெளியே வந்தார். மாரடைப்பு. அடைப்பைக் கரைக்க மருந்து கொடுத்தாயிற்று, அது வேலை செய்கிறது. இனி ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறார்கள்.

"உங்கள் கணவர் ஒரு கேள்வி கேட்கிறார்," என்றார் டாக்டர், புரியாமல். "அந்த ஆஸ்பத்திரி பேனலா என்று."

தனுஜா சுவரில் சாய்ந்து அழுதாள். பாதி அழுகை சிரிப்பாக வந்தது. அவர் போன் மறுபடியும் அடித்தது.

"தம்பி, நான்தான் நல்லம்மா. இன்னொரு சந்தேகம்..."

"அக்கா, அவரு இப்ப பேச முடியாது," என்றாள் தனுஜா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவரு இப்ப கஸ்டமரு."