பெண் பார்க்க வந்த ஆராய்ச்சி

நீலாம்பாள் பட்டுப்புடவையில் ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்ததுமே கமலாக்ஷி வாசலுக்கு ஓடினாள். பள்ளுருத்தியிலிருந்து மட்டாஞ்சேரிக்குத் தங்கை வீட்டுக்கு வருவதென்றால் அக்கா நைந்துபோன வாயில் புடவையில்தான் வருவாள். இன்றைக்கோ மயில்கழுத்துப் பட்டு, காதில் வைரத்தோடு, கையில் பஜ்ஜிக்கு வாழைக்காய் வேறே!

"அக்கா, வரப்போறது ஆராய்ச்சி பண்ற பொண்ணாக்கும். எதுக்கு இதெல்லாம்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. வெளி மனுஷா ஆத்தைப் பத்தி விஜாரிக்க வரச்சே எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும். நீ வெறுதே வாயைத் தொறக்காம இரு, அது போறும்."

கமலாக்ஷிக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. பஜார் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மிளகையும் ஏலக்காயையும் சோதித்துத் தரம் சொல்கிற வேலை. வேலையில் ஒரு சொல் குறை கிடையாது. தகராறெல்லாம் மனிதர்களோடுதான். யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டாள். கல்யாண வீட்டில் மேளம் கொட்ட ஆரம்பித்தால் செருப்பைத் தேடுவாள். புதுப்புடவை எப்படி இருக்கிறது என்று யாராவது ஆசையாகக் கேட்டுவிட்டால், பாவம், எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லிவிடுவாள். இத்தனைக்கும் சேர்த்து ஊர் அவளுக்கு வைத்த பெயர் ஒன்றே ஒன்று: திமிர். அம்மா சொன்னாள், பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், ஆபீசில் இன்றைக்கும் சொல்கிறார்கள். நீலாம்பாள் சொன்னதற்குக் கணக்கே இல்லை.

கமலாக்ஷியும் அதை நம்பித்தான் இருந்தாள். போன மழைக்காலத்தில் வாட்ஸாப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. சிறு வயதில் யாரும் கண்டுபிடிக்காமல், ஆட்டிசத்தோடேயே வளர்ந்து பெரியவர்களானவர்களைப் பற்றி எர்ணாகுளத்தில் ஓர் ஆராய்ச்சி, கலந்துகொள்ளலாம் என்றது. அதில் எழுதியிருந்ததை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். யாரோ ஜன்னல் வழியாகத் தன்னை எட்டிப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது. மறுநாளே போன் பண்ணிவிட்டாள்.

ஆராய்ச்சி செய்கிற ஸாதனா பாலக்காட்டுப் பெண்; தமிழிலேயே பேசினாள். ஒவ்வொரு சந்திப்பிலும் அவள் கேட்டதைவிட கமலாக்ஷி திருப்பிக் கேட்டதுதான் அதிகம். சத்தம் ஏன் சிலருக்கு மட்டும் வலிக்கிறது? அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளை ஏன் யாருமே கவனிக்கவில்லை? எல்லாம் நல்லபடியாக நடந்து, கடைசியில் ஒன்று பாக்கி நின்றது.

"ஆட்டிசம் நடு வயசில முளைக்காது, சேச்சி. இருந்தா கொழந்தையிலேயே இருந்திருக்கணும். உங்களை நாலஞ்சு வயசில கூட இருந்து பாத்தவா யாராவது வந்து சொல்லணும். அது இல்லாம நான் ஒண்ணுமே சொல்ல முடியாது" என்றாள் ஸாதனா.

அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஆறு வயது மூத்த நீலாம்பாள் மட்டும். நாலு வயதில் தான் எப்படி இருந்தோம் என்று கமலாக்ஷிக்குத் துளி ஞாபகம் இல்லை. அந்தக் குழந்தை திமிர் பிடித்ததா, இல்லை அதன் படைப்பே அப்படியா? இந்த ஒன்று தெரிந்தால் போதும் என்று தவித்தாள். விடை அக்காவின் வாயில் இருந்தது. அந்த வாயை நினைத்தால்தான் பயம்.

ஸாதனா வந்தாள். "வாங்கோ, வாங்கோ! வழி சௌகர்யமா இருந்ததா?" என்று நீலாம்பாள் அவளை மின்விசிறிக்கு நேரே உட்கார வைத்தாள். பேட்டி முடியும்வரை கமலாக்ஷி உள்ளே இருக்கட்டும் என்றாள் ஸாதனா. உள்ளே என்பது சமையலறை. அந்த வீட்டில் ஹாலில் கொட்டாவி விட்டால் அங்கே கேட்கும். கமலாக்ஷி பஜ்ஜி மாவைக் கரைத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டாள்.

"மாமி, நாலு வயசில மத்த கொழந்தைகளோட வெளையாடுவாளா?"

"ஓ! தெருவே இவ பின்னால சுத்தும், கேட்டேளா! எல்லாரோடும் ஒட்டிப் பழகுவள்."

"கூப்பிட்டா திரும்பிப் பாப்பாளா?"

"கூப்பிட வேண்டாம், நெனைச்சாப் போறும், வந்து நிப்பள்."

"சத்தத்துக்கு பயம், ஒரே டிரஸ்தான் வேணும்னு அடம், அப்படி ஏதாவது?"

"அதொண்ணும் இல்லை. குடுத்ததைப் போட்டுப்பள், போட்டதைத் திம்பள். பாட்டு கத்துண்டிருக்காள். அடக்கம்னா அப்படியொரு அடக்கம்!"

கமலாக்ஷியின் கை மாவிலேயே நின்றது. இந்தப் பாட்டை அவள் கேட்டிருக்கிறாள். அந்த நாளில் வரன் விசாரிக்க வந்தவர்களிடம் அக்கா ஒப்பித்த அதே பாட்டு. ஒரு வரி மாறவில்லை. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நீலாம்பாள் தன் பங்குக்கு ஐந்நூறாவது சொல்லியிருப்பாள். குறை கேட்டு ஒருத்தி வந்திருக்கிறாள் என்பது அக்காவின் மண்டையில் ஏறவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு, மேலே நெய்யும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஸாதனா ரெக்கார்டரை நிறுத்திவிட்டு கமலாக்ஷியைக் கூப்பிட்டாள். அவள் முகமும் வாடித்தான் இருந்தது. "சேச்சி, மாமி சொன்னதை வெச்சுப் பாத்தா சின்ன வயசில எதுவுமே இல்லை. இதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. ஆராய்ச்சியிலயும் சேத்துக்க முடியாது. ஸாரி."

நீலாம்பாள் ஜெயித்த முகத்தோடு நிமிர்ந்தாள். "பாத்தயா? உனக்கு ஒண்ணும் இல்லை!"

"அக்கா பொய் சொல்றா" என்றாள் கமலாக்ஷி.

அவ்வளவுதான்! வந்தவள் எதிரே, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை இப்படிச் சொன்னால்?

"அன்னிக்கும் இதேதான் பண்ணினாய்!" நீலாம்பாள் எழுந்தே விட்டாள். "திருச்சூர்க்காரா பொண்ணு பாக்க வந்தா. பையன் ஆசையா ஒரு பாட்டுப் பாடினான். எல்லாரும் பேஷ் பேஷ்ங்கறோம். நீ என்ன சொன்னாய்? ஸ்ருதி சேரலைன்னாய்! காப்பிகூடக் குடிக்காம எறங்கிப் போனா. இன்னிக்கு நேத்திக்கா? நீ பொறந்ததுலேந்தே இப்படித்தானேடீ! கமலா கமலான்னு தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாய். செவிடோன்னு அம்மாவும் அப்பாவும் காது டாக்டர்ட்ட கொண்டு போனா. அடுத்தாத்தில குக்கர் விசிலடிச்சா மட்டும் கட்டிலுக்கு அடியில!"

"மாமி, ரெக்கார்டரைத் திரும்பப் போட்டுக்கலாமா?" என்றாள் ஸாதனா மெதுவாக.

"போட்டுக்கோடீ கொழந்தே, நன்னாப் போட்டுக்கோ! ஆத்துக்கு யார் வந்தாலும் வாங்கோன்னு ஒரு வார்த்தை கிடையாது. இங்கேந்து தோப்பும்படி வரைக்கும் பஸ் நிக்கற எடமெல்லாம் ஒப்பிப்பள். நடுவில தடுத்தா மறுபடி மொதல்லேந்து! ஒரு மஞ்சக் கவுன். வேற துணி மேல பட்டா அலறல்."

"என்ன துணி அது?" என்றாள் கமலாக்ஷி. கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. முன்பின் தெரியாத ஒரு குழந்தையின் கதை மாதிரி இருந்தது, கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

"கந்தல் துணி! ஒரு நா பஜார் ரோட்டில ஊர்வலம். வேற வழியாப் போலாம்னா நடு ரோட்டில படுத்துண்டுட்டாய். லாரிக்காரன் எறங்கி வந்து என்னை வைதான். ஸ்கூல்ல சேத்தா, மணி அடிச்சா கேட்டைத் தாண்டி ஓடுவாய். நான் என் க்ளாஸை விட்டு எழுந்து, மணி அடிக்கறதுக்கு முந்தி வந்து உன் காதைப் பொத்துவேன். தெனமும். அதுக்கு டீச்சர் என்னை வெயில்ல நிறுத்தினா."

"எனக்கு ஸ்கூல் மணி ஞாபகமே இல்லையே, அக்கா."

"எப்படி இருக்கும்? நீ கேட்டாத்தானே!"

கமலாக்ஷியின் கை தானாகக் காதுக்குப் போனது. அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைவதைப் பார்த்து ஸாதனாவே போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"மாமி, இதுக்கெல்லாம் காரணம் என்னன்னு அப்போ உங்காத்தில சொன்னா?"

"வேற என்ன சொல்லுவா? திமிர்னா. அம்மா கரண்டியைத் தூக்கிண்டு வருவள். நான்தான் குறுக்க விழுந்து கத்துவேன். அடிக்காதேம்மா, நாலு வயசுக் கொழந்தைக்குத் திமிர் எங்கேந்து வரும்னு..."

நீலாம்பாள் அதோடு நின்றுவிட்டாள். பத்து வயதில் அம்மாவுக்குக் குறுக்கே விழுந்து தடுத்தவள் அவள்தான். அதற்கப்புறம் நாற்பது வருஷம் அதே வார்த்தையைத் தங்கை மேல் விட்டெறிந்தவளும் அவள்தான். அது அவளுக்கே இப்போதுதான் உறைத்தது. புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கமலாக்ஷி அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்கு வராது. குத்திக் காட்டவும் வராது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"அப்போ எத்தனாவது வயசில எனக்குத் திமிர் வந்தது, அக்கா?"

நீலாம்பாள் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"வரலைடீ" என்றாள். "வரவே இல்லை."