குருவியின் ஞானஸ்நானம்

குழந்தை வாயைப் பிளந்துகொண்டு பாலுக்குத் தேடுகிற அழகைப் பார்த்து, அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்தது அப்பன்தான். ஆஸ்பத்திரியில் பதிந்த நல்ல பெயர் ஒன்றும் இருந்தது. வீட்டில் அதை யாரும் சொன்னதில்லை.

அப்பன் லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஒரு சலவை நிலையத்தில், ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்துத் தேய்த்து எடுப்பவள். இருவரும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் ஒரே மாதிரிக் கிறிஸ்தவர்கள் இல்லை. அவள் பிறந்து வளர்ந்தது பழைய கல் கோயில் ஒன்றின் சபையில். அங்கே கைக்குழந்தையைக் குருவானவர் கையில் ஏந்தி, நெற்றியில் தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுப்பார். அவனுடைய சபை டயர் கடை மாடியில் கூடியது. அங்கே பாஸ்டர் அவனுடைய கூடப்பிறந்த அண்ணன். விவரம் தெரிந்து, விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கையிட்டவர்களை மட்டுமே அங்கே தொட்டியில் முழுக்கி எடுப்பார்கள்.

கல்யாணப் பேச்சின்போது இதை யாரும் எடுக்கவில்லை. குழந்தை பிறந்ததும் அது தானாக எழுந்து வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டது.

ஆரம்பத்தில் கேலியாகத்தான் இருந்தது. "ஒரு கை தண்ணியா? அது முகச்சவரம் பண்ணவே பத்தாதேம்மா" என்றார் பாஸ்டர். "முங்கி எழுந்தாத்தான் மோட்சம்னா மீனுங்கதான் பாஸ்டர் முதல்ல போயிருக்கும்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே கேட்டாள். "ஞானஸ்நானத்தை அடுத்த மாசம் வச்சுக்கலாமான்னு எங்க கோயில் ஐயா கேக்கறார். என்ன சொல்லட்டும்?"

"எனக்கும்தான் கைக்குழந்தையில தண்ணி ஊத்தினாங்க. என்ன ஆச்சு? இருபத்தஞ்சு வயசு வரைக்கும் குடிச்சுட்டுத் திரிஞ்சேன். கூட வேலை பார்த்தவன் லிஃப்ட் குழியில விழுந்து செத்தப்புறம்தான் புத்தி வந்துச்சு. நானாக் கேட்டு, நானா இறங்கி முழுகினேன். அன்னிக்குத்தான் நான் பொறந்தேன். என் பிள்ளைக்கு அந்த நாளை நாமளே திருடிடக் கூடாது."

"நீங்க முழுகினதை நான் குறை சொல்லலைங்க. ஆனா இவ வாயைத் திறந்து கேட்டப்புறமா நான் பால் குடுத்தேன்? இவ கேட்டா நாம அப்பா அம்மா ஆனோம்? நாம கடவுளைத் தேடறதுக்கு முன்னாடியே அவர் முந்திக்கிட்டு நம்மளைத் தூக்கிக்கிறார். அதைத்தான் அந்தத் தண்ணி சொல்லுது. இது என் பொண்ணுன்னு அவர் எல்லார் முன்னாடியும் சொல்லணும். எனக்கு அவ்வளவுதான்."

"ஊத்தாட்டி மட்டும் சொல்ல மாட்டாரா?"

"சொல்லுவார். எனக்குக் காதால கேக்கணும்."

குழந்தையை மேடைக்குக் கொண்டுவந்தால் தண்ணீர் இல்லாமல் ஜெபித்து, கடவுளுக்கென்று ஒப்புக்கொடுத்துப் பிரதிஷ்டை செய்து வைப்பதாகப் பாஸ்டர் சொல்லி அனுப்பினார். இலை போட்டுச் சோறு போடாத கதையாக இருக்கிறது என்று அவள் மறுத்துவிட்டாள். கடைசியில் யாரும் ஜெயிக்காமல், பிறகு பார்க்கலாம் என்று ஓய்ந்தது. கோயிலில் யாராவது கேட்பார்களே என்று கூசி, அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதையும் குறைத்துக்கொண்டாள்.

குருவி தவழ ஆரம்பித்த பருவத்தில் காய்ச்சல் வந்தது. முதல் டாக்டர் சளி என்றார். மறுநாள் காலையில் குழந்தை கழுத்தை வளைத்துக்கொண்டு அழக்கூட முடியாமல் முனகினாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள் அங்கே. கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குள் குழந்தையைச் சுற்றிக் குழாய்களும் திரைகளும். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார். உட்காரச் சொன்னபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் போனதும் அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "உங்க ஐயாவைக் கூப்பிடு."

அவள் நம்பாமல் பார்த்தாள்.

"கூப்பிடும்மா. தண்ணி ஊத்தட்டும். சீக்கிரம்."

அவள் போன் செய்தாள். குருவானவர் ஊரின் மறுகோடியில் இருந்தார். "கிளம்பிட்டேன். ஆனா எனக்காகக் காத்திருக்காதே. ஆபத்துல யார் வேணாலும் குடுக்கலாம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி பேரால தண்ணியை நீயே ஊத்தும்மா" என்றார்.

வராந்தா முனையில் இருந்த குழாயில் அவள் ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அதற்குள் உள்ளே மணி போல எதுவோ விடாமல் அடித்தது. நர்ஸுகள் ஓடினார்கள். கதவு சாத்தப்பட்டது. "ஒரே நிமிஷம், உள்ள விடுங்க" என்றாள். "இப்ப முடியாதும்மா, தள்ளி நில்லுங்க" என்றார்கள். அவர்கள் குழந்தையைப் பிழைக்க வைக்கத்தான் போராடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே டம்ளரோடு அவள் நின்றாள். பக்கத்தில் அவன், ஜெபிக்கவும் வார்த்தை வராமல்.

கதவு திறந்தபோது யாரும் அவசரப்படவில்லை.

குருவானவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவள் டம்ளரை நீட்டினாள். அவர் அதை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அவள் தலையில் கை வைத்தார். "இறந்தவங்களுக்குக் குடுக்கறதில்லம்மா. தேவையும் இல்ல. கடவுள் தண்ணிக்குக் கட்டுப்பட்டவர் இல்ல. குழந்தை அவர் மடியில இருக்கா."

சற்று நேரத்தில் பாஸ்டரும் வந்தார். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு அவளிடம் வந்து, "கவலைப்படாதேம்மா. பச்சைப் பிள்ளை. நேரா அவர் மடிக்குத்தான் போயிருக்கா" என்றார்.

அவள் ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணைத்தானே சொல்றீங்க?" குரல் உயரவே இல்லை. "அப்ப அவ உயிரோட இருந்தப்ப எதுக்கு எங்களை அப்படி இழுத்தீங்க? ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒருநாள், ஒரே ஒருநாள், அவளைக் கையில வாங்கி நம்ம பிள்ளைன்னு சொல்லியிருக்கலாமே."



கல் கோயிலின் கல்லறையில் இடம் கேட்டபோது, ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்பதால் மதிலோரமாகத்தான் தரலாம் என்று சபைச் செயலாளர் தயங்கினார். குருவானவர் அவரிடம் கோபித்துக்கொண்டு, நடுவிலேயே இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியனுப்பினார். அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஊர்ப் பொதுக் கல்லறையில், யார் யாரோ படுத்திருக்கும் வரிசையில், சிறிய பெட்டியை இறக்கினார்கள். குருவானவர் ஒரு சங்கீதம் வாசித்தார். பாஸ்டர் ஜெபித்தார். மழை வருமோ என்று குழி வெட்டியவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் அவள் வேலைக்குத் திரும்பினாள். அவன் டயர் கடை மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டான். பாஸ்டர் ஒருமுறை வந்து கேட்டபோது, "எந்த முகத்தை வச்சுக்கிட்டு வருவேன் அண்ணே? நம்பினதையும் விட்டேன், பிள்ளையையும் விட்டேன்" என்றான். அண்ணன் அவனை வற்புறுத்தவில்லை. அவர் போன பிறகு அவள் சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அன்னிக்கு ஐயாவைக் கூப்பிடச் சொன்னீங்களே. ஊத்தாட்டி அவளுக்கு ஏதாவது ஆயிடும்னு உங்களுக்கும் உள்ளுக்குள்ள இருந்துச்சா? அப்படி இருந்தா, ஏன் அத்தனை மாசம் தடுத்தீங்க?"

"தெரியல. உனக்காகச் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இல்ல. பயந்துட்டேன். பயத்துல எதையாவது பிடிச்சுக்கணும்னு தோணுச்சு. விசுவாசம்னு அதுக்குப் பேர் வைக்க முடியாது."

"எனக்கும் பயம்தான்" என்றாள் அவள். "டம்ளரோட நின்னப்போ, அவர் முந்திக்கிறார்ங்கறது எனக்கும் மறந்து போச்சு. நான் முந்திக்கணும்னுதான் நின்னேன்."

அவன் எழுந்து போய், அணைக்காமல் விட்டிருந்த அடுப்பை அணைத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அரைநாள் கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் அவளைச் சலவை நிலைய வாசல் வரை கொண்டுபோய் விட்டான். கல் கோயில் பக்கமா, டயர் கடைப் பக்கமா, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வீட்டுக்குத் திரும்பினான்.