தப்பு என்னுதுங்க

கல்லூரியில் வரச் சொல்லியிருந்த அன்று காலை பொன்னாயி மகனுக்கு வெள்ளைச் சட்டையைத்தான் எடுத்துக் கொடுத்தாள். முதுகில் நம்பர் போட்ட பனியன் வேண்டாம் என்றுவிட்டாள். ஊர்க்கூட்டத்தில் அவன் விழுந்து எழுந்தபோதும் இந்தச் சட்டைதான் போட்டிருந்தான். அன்றைக்கு நல்லபடியாக முடிந்தது, இன்றைக்கும் முடியும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. பெற்ற மனசு வேறு எப்படி நினைக்கும், நீங்களே சொல்லுங்கள்.

மகன் சதீஷ்குமார் கபடிக்காரன். மலைமேல் திண்ணனூர் நாட்டில், மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குக் காடுகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர் அவர்களுடையது. அங்கிருந்து இறங்கி, ராசிபுரத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் விளையாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கின இடத்தில் சேர்ந்தவன். படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவன் கால் பலத்துக்குக் கிடைத்தவை. மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான் என்றால் இரண்டு பேரையாவது தொட்டுவிட்டுத்தான் கோட்டுக்குத் திரும்புவான். அவன் அப்பா அப்பாசாமி மிளகு பறிக்க மரம் ஏறி விழுந்து, இடுப்பு போய், வீட்டோடு கிடக்கிறவர். அந்த வீடு நிமிர்வதென்றால் அது அவன் ஒருவனால்தான் ஆக வேண்டும்.

அவன்தான் கல்லெறிந்தான்.

போன மாசியில் ஒரு போட்டியில் தோற்றுவிட்டு, பொழுது சாய்ந்த நேரத்தில் பையன்கள் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தோற்ற கடுப்பு. படியில் தொங்கினார்கள், கத்தினார்கள். கண்டக்டர் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. விசிலடித்து நிறுத்தி நடுரோட்டில் இறக்கிவிட்டுவிட்டார். பஸ் நகர்ந்ததும் மூன்று பேர் குனிந்து கல்லை எடுத்தார்கள். பின்கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்து, கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த கண்டக்டரின் புருவத்தைக் கிழித்தது. கண் தப்பியது சாமி புண்ணியம். எந்தக் கல் பட்டது என்று மற்ற இரண்டு பேருக்கும் தெரியாது. சதீஷ்குமாருக்குத் தெரியும். கையை விட்டுப் போகும்போதே தெரிந்துவிட்டது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

அரசாங்க பஸ். போலீஸ் விடுமா? மூன்று பேரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஜாமீனில் வெளியே வந்தபோது கல்லூரி மூன்று பேரையும் நிறுத்தி வைத்திருந்தது. ஜாமீனுக்கு என்னென்ன நிபந்தனை என்று வக்கீல் கடகடவென்று படித்தார். திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது மட்டும்தான் பொன்னாயி மனதில் நின்றது. மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது.

அடிபட்ட கண்டக்டர் வேல்முருகன் அதே மலையில் வளப்பூர் நாட்டுக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது. மலைக்காரன் மலைக்காரனை அடித்திருக்கிறான் என்றால் அது ஊருக்கு வந்தாக வேண்டும். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் ஆள் அனுப்பி இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டார். அங்கே ஒரு முறை உண்டு. தப்பு செய்தவன் கூட்டத்தின் நடுவே நின்று, செய்ததை ஒன்று விடாமல் தன் வாயால் சொல்ல வேண்டும். மழுப்பக் கூடாது. சொல்லிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். அடிபட்டவருக்கு மனசு ஆறினால் வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார். ஆறவில்லையென்றால் கிடக்க வேண்டியதுதான். வாயைத் திறக்காமல் நிற்கிறவனை யாரும் தூக்குவதில்லை. அவன் வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள்.

சதீஷ்குமார் சொன்னான். விழுந்தான். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. வேல்முருகன் வெகுநேரம் ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் எழுந்து வந்து பையனின் கையைப் பிடித்தார்.

"எந்திரி. பஸ்ஸ ஒடச்சுப்புட்டா உங்கம்மா சந்தைக்கு ஓந் தோள்மேல உக்காந்தா போவும்?"

கூட்டம் சிரித்தது. அன்றைக்கு வேல்முருகன் அவர்கள் வீட்டில்தான் சாமைச்சோறு தின்றார். ஜெயிலுக்குப் போய் வந்ததிலிருந்து தூக்கமில்லாமல் கிடந்த பையன் அன்று ராத்திரி அடித்துப் போட்டாற்போலத் தூங்கினான். பொன்னாயி எழுந்து எழுந்து அவன் தூங்குவதைப் பார்த்தாள்.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான் கல்லூரியிலிருந்து நசீர் அகமது போன் செய்தார். பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிற பி.டி. சார். இந்த மூன்று பேரையும் திரும்பச் சேர்க்கச் சொல்லி நிர்வாகத்திடம் நடையாய் நடந்தவர் அவர்தான். மற்ற இரண்டு பேரும் கல்லூரியின் விசாரணைக் கமிட்டி முன்னால் வந்துவிட்டுப் போய் இப்போது கிரவுண்டில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், இனி சதீஷ்குமாரின் முறை என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. அங்க வந்து எதுவும் பேசக் கூடாது. கேஸு கோர்ட்டுல இருக்கு, அங்க பாத்துக்கறோம்னு சொல்லணும், அவ்வளவுதான். அந்த ரெண்டு பேரும் அப்படித்தான் உள்ள வந்தானுங்க."

ஆகட்டுங்க என்றாள் பொன்னாயி. போனை வைத்த பிறகுதான் அதை யோசித்தாள். தப்பு செய்த பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதா? படிக்காத ஊரே தூக்கிவிட்டது. படித்தவர்கள் இதைவிடப் பெரிய மனசுக்காரர்களாகத்தானே இருப்பார்கள்? அடிபட்டவரே நேரில் வந்து மன்னித்தேன் என்று சொன்னால் அதற்கு மேல் யாருக்கு என்ன பேச்சு? அன்று சாயங்காலமே வேல்முருகனுக்குச் சொல்லியனுப்பினாள். லீவு போட்டுவிட்டு வாரேன் என்று பதில் வந்தது.

கட்டிலில் கிடந்த அப்பாசாமி, அந்த சார் சொல்வதைக் கேள், கீழே எல்லாம் வேறு மாதிரி என்றார்.

"எந்த ஊர்லீங்க வாயத் தொறக்காதவனச் சேத்துக்கறாங்க?" என்றாள் அவள். சதீஷ்குமாரும் சார் சொன்னாரே என்று ஒரு தடவை இழுத்தான். ஆனால் அவனுக்கும் ஆசைதான். விழுந்து எழுந்த அன்றைக்கு நெஞ்சு லேசானதே, அது கல்லூரியிலும் கிடைத்தால் தேவலை என்று இருந்தது.

அன்று காலை தாய், மகன், வேல்முருகன் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் மலை இறங்கினார்கள். வேல்முருகன் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். கண்டக்டரான அவருக்கு டிக்கெட் வேண்டியதில்லை, ஆனாலும் மூவருக்கும் அவரே எடுத்தார். அந்த பஸ் கண்டக்டர் அவருக்குத் தெரிந்த பையன். ஒடச்சவனையும் கூட்டிக்கிட்டு ஊர்வலமா என்று கிண்டலடித்தான். பேசாமல் போ, இல்லாட்டி இவனுக்கு உன் கண்ணாடியையும் காட்டிவிடுவேன் என்றார் இவர். சதீஷ்குமார் ரொம்ப நாளைக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தான். முள்ளுக்குறிச்சியில் பஸ் மாறும்போது வேல்முருகன் டீ வாங்கிக் கொடுத்தார். பொன்னாயிக்கு எல்லாமே கூடி வருவது போலத்தான் இருந்தது.

கல்லூரி வராந்தாவில் நசீர் அகமது காத்திருந்தார். புருவத்தில் தையல் தழும்போடு வந்த ஆளைப் பார்த்ததும், யார் இவர் என்று கேட்டார்.

"அடிபட்டவரேதாங்க. நமக்காகச் சொல்ல வந்திருக்காருங்க," என்றாள் பொன்னாயி, பெருமையாக.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அவரை இங்கிருந்து போகச் சொல்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதவு திறந்து உள்ளே கூப்பிட்டார்கள்.

நீளமான மேஜை. பிரின்சிபால், இரண்டு ஆசிரியர்கள், நிர்வாகத்தின் வக்கீல். வேல்முருகன் கதவோரம் நின்றுகொண்டார். பிரின்சிபால் கெட்டவர் இல்லை. தன்மையாகத்தான் கேட்டார், நீ ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று. இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த ஒரு கேள்வியோடு முடிந்திருக்கும். சதீஷ்குமார் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். சொல்லு என்று அவள் தலையசைத்தாள்.

அந்தத் தலையசைப்பை நினைத்துத்தான் அவள் இன்றைக்கும் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள்.

"தப்பு என்னுதுங்க," என்றான் அவன். "அந்தக் கண்ணாடிய ஒடச்சது என் கல்லுதானுங்க. குறி பாத்துத்தான் எறிஞ்சனுங்க. இனிமே எந்நாளும் அப்படிச் செய்ய மாட்டனுங்க."

சொல்லிவிட்டு அந்த வழவழப்பான தரையில் நீட்டி விழுந்தான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. ஓர் ஆசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். எழுந்திருப்பா, இதெல்லாம் என்ன என்று பிரின்சிபால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். பொன்னாயி காத்திருந்தாள். யாராவது ஒருவர் எழுந்து வருவார், மேஜையைச் சுற்றி வர நேரமாகிறது என்று நினைத்தாள். யாரும் வரவில்லை. பையன் கன்னத்தைத் தரையில் வைத்தபடி கிடந்தான். பார்க்கப் பொறுக்காமல் வேல்முருகன்தான் கதவோரத்திலிருந்து வந்து தூக்கிவிட்டார்.

நீங்கள் யார் என்று வக்கீல் கேட்டார். வேல்முருகன் சொன்னார். எப்படி வந்தீர்கள் என்றார். ஒன்றாகத்தான் வந்தோம் என்றார். இவர்கள் வீட்டுக்குப் போனதுண்டா என்றார். சோறே தின்றிருக்கிறேன் என்றார். ஒவ்வொரு பதிலுக்கும் பொன்னாயிக்கு மனசு குளிர்ந்தது. இவர்களுக்கு இப்போது விளங்குகிறது என்று நினைத்தாள்.

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். சாட்சிகளை நெருங்கவே கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை, இவர்தான் முதல் சாட்சி, இது போலீஸுக்குத் தெரிந்தால் ஜாமீனே போய்விடும் என்று பொறுமையாகத்தான் விளக்கினார். வேல்முருகனிடம், உங்கள் துறையிலும் கேள்வி வரும், இங்கே வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் போய்விடுங்கள் என்றார். அந்த மனுசன் தழும்பைத் தடவிக்கொண்டே வெளியே போனார்.

"அப்ப அந்த ரெண்டு பேரச் சேத்துக்கிட்டீங்களேங்க, அதெப்படிங்க?" என்று பொன்னாயி கேட்டாள். அவள் கேட்டது சண்டைக்கில்லை. புரியாமல்தான் கேட்டாள்.

"அவங்க எறிஞ்சாங்களான்னு எங்களுக்குத் தெரியாதும்மா," என்றார் பிரின்சிபால். "தெரியாததால சேத்துக்க முடிஞ்சுது. இவன் எறிஞ்சான்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுக்கிட்டே எப்படிச் சேத்துக்கறது?"

நசீர் அகமது மூலையிலிருந்து எழுந்து மன்றாடிப் பார்த்தார். நல்ல ஆட்டக்காரன், பல்கலைக்கழக டீமில் இடம் பிடிக்கக் கூடியவன், இன்னொரு வாய்ப்பு கொடுத்துப் பார்க்கலாம் என்றார். கொடுக்கத்தான் கூப்பிட்டோம் என்றார் பிரின்சிபால். ஹாஸ்டலில் கிடக்கிற சாமானை இன்றைக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

சாமான் என்றால் ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு ஜோடி ஷூ. அதைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டைத் தாண்டும்போது ஆடிக்கொண்டிருந்த பழைய கூட்டாளி ஒருவன் கம்பிவேலிக்கு ஓடி வந்தான். அவனும் அன்றைக்குக் கல் எடுத்தவன்தான்.

"ஏன்டா மலை, ஒரு நிமிசம் வாய மூடிக்கிட்டு நிக்க முடியாதாடா ஒனக்கு?" அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மூச்சிலேயே, "எங்க பேரு எதுவும் சொல்லலையே?" என்று கேட்டான்.

சொல்லவில்லை என்றான் சதீஷ்குமார்.

கேட் வரைக்கும் நசீர் அகமது வந்தார். பேசாதே என்று சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பொன்னாயிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோர்ட்டில் விடுதலையானால் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பிறகு, "ஆனா அதுக்குள்ள ஆடுற வயசு ஓடிரும்மா. உங்களுக்கு ஆசை காட்டக் கூடாது," என்றார்.

பஸ் ஸ்டாண்டில் வேல்முருகன் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். கிட்டே வரவில்லை. நீங்கள் முன்னால் போங்கள், நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று கையால் காட்டினார்.

அதற்குப் பிறகு நாள் ஓடியது. ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் போர்வெல் லாரியில் வேலைக்கு வடநாடு போனார்கள். சதீஷ்குமாரையும் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமைக் கையெழுத்தை யார் போடுவது? அவன் குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டினான். பொங்கலுக்கு ஊரில் கபடி நடந்தது. உடம்பு சரியில்லை என்று பலா மரத்தடியில் படுத்துக்கொண்டான்.

கோர்ட்டில் விசாரணைக்கு நாள் குறித்த பிறகு அவர்களுடைய வக்கீல் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நான் எறியவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது. இவ்வளவுதான் பேச வேண்டும், ஒரு சொல் கூடினாலும் தண்டனைதான். வேல்முருகனும் யார் மூலமாகவோ சொல்லியனுப்பியிருந்தார், இருட்டில் ஆள் தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன், பையனுக்குத் தைரியம் சொல்லுங்கள் என்று. பொன்னாயி அதைக் கேட்டுக்கொண்டு அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

கோர்ட்டு நாளில் தாயும் மகனும் முதல் பஸ்ஸில் ஏறினார்கள். பஸ்ஸில் கூட்டமில்லை. வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, அவன் மடியில் கையைக் கோத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

"நான் எறியலீங்க. எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

மறுபடி சொன்னான். மறுபடியும். ஒவ்வொரு தடவையும் 'எறியலீங்க' என்கிற இடத்தில் குரல் உள்ளே போனது. பார்வை காலடிக்குப் போனது. பொன்னாயி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள். இந்த மாதிரி சொன்னால் பிள்ளை உள்ளே போய்விடுவான் என்பது அவளுக்குத் தெரிந்தது. திரும்பி அவன் மோவாயைத் தொட்டாள்.

"தரையப் பாத்துச் சொல்லாத சாமி," என்றாள். "அவிங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அப்பத்தான் நம்புவாங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். இந்தத் தடவை நன்றாகவே சொன்னான்.