பதினொன்றாம் படி

பாப்பாவுக்குப் பத்தொன்பது வயது முடிந்துவிட்டது. ஆனாலும் பெரியம்மா வாயில் அவள் பாப்பாதான். சட்டை தைக்கும் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் பெண்கள் வைத்த பேர் வேறு: டியூப்லைட். கூப்பிட்டால் இரண்டு நொடி கழித்துத்தான் திரும்புவாள், அதனால். முப்பத்தெட்டு அளவுச் சட்டைக்கெல்லாம் நாற்பத்திரண்டு என்று சீட்டு ஒட்டி, ஒரு பெட்டி சரக்கு அப்படியே திரும்பி வந்த நாளிலிருந்து அந்தப் பேர் நிலைத்தே போயிற்று. அவர்கள் சிரிக்கும்போது அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே நிற்பாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் எதை மறைக்கிறது என்று பெரியம்மாவுக்குத் தெரியும். தெரியாதது போல இருந்துகொள்வாள்.

அம்மா வயிற்றிலிருந்தே பாப்பாவோடு கூட எச்.ஐ.வி. கிருமியும் வந்துவிட்டது. அந்த அம்மா, அதாவது பெரியம்மாவின் தங்கை, குழந்தைக்கு நாலு வயதாகும்போது கண்ணை மூடிவிட்டாள். அன்றிலிருந்து ராத்திரி எட்டு மணி அடித்தால் மாத்திரை. பதினைந்து வருஷத்தில் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. ரத்தத்தில் கிருமி இருக்கிற சுவடே தெரியவில்லை என்று போன பரிசோதனையிலும் சொன்னார்கள். ஆனால் கவனம் மட்டும் கட்டுக்கு அடங்காத கன்றுக்குட்டியாக அவிழ்த்துக்கொண்டு ஓடியது.

அதற்குத்தான் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டது ஓர் இளம் டாக்டர். முடியைத் தூக்கிக் கட்டியிருப்பாள். ஆள் எதிரில் இல்லாதபோது பெரியம்மா அவளைக் குதிரைவால் என்பாள்.

"பிறந்ததுலேருந்து இந்தக் கிருமியோட வளர்ற பிள்ளைங்க சிலருக்கு, மூளையில ஒரு பகுதியும் இன்னொரு பகுதியும் பேசிக்கறது கொஞ்சம் மந்தமா இருக்கலாம்மா. கவனத்துக்குப் பயிற்சி குடுத்தா அந்தப் பேச்சு சீராகுமான்னு பாக்கறோம். முன்னாடி ஒரு ஸ்கேன், பயிற்சி முடிஞ்சு ஒரு ஸ்கேன்" என்றாள் குதிரைவால்.

பெரியம்மா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். யோசித்துப் பார்த்தாள். "அதாவது, துவைக்கிறவனும் நல்லாத்தான் துவைக்கறான், இஸ்திரிக்காரியும் நல்லாத்தான் போடறா. ஆனா அவன் அங்கேருந்து கத்தறது இவளுக்குக் கேக்கல. அப்படித்தானே?"

"அதேதாம்மா! என் புத்தகத்துலகூட இவ்வளவு தெளிவா போடல."

"பயிற்சி எடுத்தா சரியாப் போயிடுமா?"

"போயிடும்னு சொல்லமாட்டேன். அது தெரியறதுக்குத்தான் இந்த ஆராய்ச்சியே."

ஆசை காட்டாமல் பேசுகிறாளே என்று பெரியம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

சிலேட்டு அளவில் ஒரு டேப் கணினி கொடுத்து அனுப்பினார்கள். திரையில் ஐந்து குருவிகள் வரிசையாக வந்து உட்காரும். நடுக்குருவி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் தொட வேண்டும். மற்ற நாலும் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் பார்த்து ஆளைக் குழப்பும். சரியாகத் தொட்டால் 'டிங்' என்று ஒரு மணி, தப்பானால் 'டொக்'. நன்றாக விளையாடினால் ஒரு படி ஏறும், குருவிகள் இன்னும் வேகமாக வரும். இன்றைக்கு எந்தப் படியில் விட்டோமோ, அடுத்த தடவை அங்கிருந்துதான் தொடங்கும். வாரம் மூன்று தடவை, எட்டு வாரம், ஆக இருபத்து நாலு. நாலு தடவைவரை விட்டுப்போகலாம், அதற்கு மேல் போனால் ஆராய்ச்சியில் இடமில்லை.

மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விட்டாள் பாப்பா. ஐந்தாம் படிக்கு ஏறிவிட்டாள். ஏறிய அன்றைக்குக் குளியலறையில் குழாய்ச் சத்தம் இல்லை, பாட்டுச் சத்தம் கேட்டது. குரல் அப்படி ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டாள்.

நாலாம் வாரம் கம்பெனியில் அவசர ஆர்டர் என்று தினமும் கூடுதல் வேலை. பாப்பா வந்து விழுந்தால் சோற்றுத் தட்டின் மேலேயே தூங்கி வழிந்தாள். பெரியம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இந்த வாரம் மூன்றும் போனால், முன்னே விட்டதோடு சேர்த்து நாலு. அடுத்த வாரமும் இப்படியே ஆனால் பெண்ணைக் கழித்துக் கட்டிவிடுவார்களே! "ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன்டி. ஒரு வாரம் விட்டாப் பரவாயில்லையாம்" என்று பாப்பாவிடம் வாய் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னாள்.

சலவைக்கூடத்தில் அவளுக்கு முதல் ஷிப்ட். இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாள். டேப்பைத் திறக்க எண் கேட்டது. பாப்பாவின் பிறந்த தேதிதான். பிரசவ அறை வாசலில் கால் கடுக்க நின்றவளுக்கு அதுவா மறக்கும்?

முதல் நாள் கண்ணாடி போடாமல் உட்கார்ந்து, டொக் டொக் என்று அடி வாங்கினாள். அடுத்த முறை கண்ணாடியோடு உட்கார்ந்தாள். இருபத்தேழு வருஷமாகச் சட்டைப் பொத்தான்களைச் சுற்றிச் இஸ்திரிப்பெட்டியின் மூக்கை வளைத்து ஓட்டிய கை அது. நூறு வெள்ளைத் துப்பட்டியில் ஒரு கறையைப் பிடிக்கிற கண். டிங், டிங், டிங். ஆறு, ஏழு, எட்டு. மூன்றாம் தடவை முடிந்தபோது திரையில் பதினொன்று என்று இருந்தது. 'பிள்ளைக்கு நல்ல மார்க்கா வாங்கி வச்சுட்டோம்' என்று நினைத்தபடி டேப்பைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பாப்பா ஆசையாக உட்கார்ந்தாள். படி எண்ணை அவள் கவனிக்கவே இல்லை. குருவி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. டொக். டொக். டொக். அடுக்களையில் நின்ற பெரியம்மாவுக்கு ஒவ்வொரு டொக்கும் நெஞ்சில் விழுந்தது. இப்படி ஆகும் என்று அவள் நினைக்கவே இல்லை.

புதன்கிழமையும் அதே கதை. படி லேசில் இறங்குவதாக இல்லை. பாப்பா டேப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். எட்டு மணி அடித்தது. பெரியம்மா மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாம்."

"என்னடி வேணாம்? மணி எட்டு."

"ரெண்டு வாரம் முன்னாடி நல்லா வந்துச்சு பெரியம்மா. இப்ப ஒண்ணுமே வரல. மூளை போயிட்டே இருக்கு. ரத்தத்துல இல்லாதது தலையில ஏறி உக்காந்திருக்கு போல. இதுக்கு எதுக்கு மாத்திரை? நாளைக்கு டேப்பைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடு."

பதினைந்து வருஷத்தில் கேட்காத வார்த்தை. தான் செய்ததைச் சொன்னால் பெண் தன்னை மன்னிப்பாளோ மாட்டாளோ, ஆஸ்பத்திரியில் துரத்துவார்களோ என்னவோ. சொல்லாவிட்டால் இந்த மாத்திரை இங்கேயே கிடக்கும்.

"மூளை எங்கயும் போகலடி. அந்தப் படி உன்னோடது இல்ல. போன வாரம் மத்தியானத்துல நான் உக்காந்து விளையாடிட்டேன்."

வழக்கம்போல இரண்டு நொடி கழித்துப் பாப்பா திரும்பினாள்.

"என் பேர்லயா?"

"உன்னை நீக்கிடுவாங்களோன்னு பயந்துட்டேன் கண்ணு."

"ஒரு வாரம் பரவாயில்லன்னு ஆஸ்பத்திரியில சொன்னதா சொன்னியே?"

"அதுவும் பொய்தான்."

"அப்ப நீயும் என்னை டியூப்லைட்டுன்னுதானே நினைச்சே? இதுக்கு வராது, நாமளே செஞ்சு வச்சுடுவோம்னு."

இல்லை என்று சொல்லத்தான் பெரியம்மா வாய் திறந்தாள். ஆனால் ஒட்டுமொத்தமாக இல்லை என்று சொல்ல முடிகிற மாதிரியும் இல்லை. சீட்டு மாறிய சட்டைகள், அணைக்க மறந்த அடுப்பு, எல்லாவற்றையும் பின்னாலேயே போய்ச் சரிசெய்து சரிசெய்து பழகிய கை ஆயிற்றே.

பாப்பா எழுந்தாள். மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைத் துடைத்தாள். "நாளைக்கு நீயே வந்து அந்த டாக்டர்கிட்ட சொல்லு" என்றாள்.

மறுநாள் பெரியம்மா சொல்லி முடிக்கும்வரை குதிரைவால் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு கணினியைத் திருப்பிக் காட்டினாள். மெல்ல ஏறிவந்த கோடு ஓரிடத்தில் தவளை மாதிரி தாவியிருந்தது.

"நேரத்தைப் பாருங்கம்மா. மத்தியானம் ரெண்டரை. இவங்க கம்பெனியில இருக்கற நேரம். நானே கூப்பிட்டுக் கேக்கறதா இருந்தேன். இந்தக் கணக்கு அப்படியே போயிருந்தா, இங்க வர்ற எல்லாப் பிள்ளைங்களைப் பத்தியும் நாங்க தப்பா எழுதியிருப்போம்."

பெரியம்மா தலையைத் தூக்கவில்லை. "என்னை என்ன வேணா சொல்லுங்க தாயி. அவளை மட்டும் நீக்கிடாதீங்க."

குதிரைவால் உள்ளே போய்ப் பெரிய டாக்டரைக் கேட்டுக்கொண்டு வர அரைமணி ஆயிற்று. பெரியம்மாவும் பாப்பாவும் ஒரே பெஞ்சில், நடுவில் இன்னொருத்தர் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க விளையாடின மூணும், அதுக்கப்புறம் கெட்டுப்போன ரெண்டும் கணக்குலேருந்து எடுத்தாச்சு. ரெண்டைப் பின்னாடி சேர்த்துத் தர்றோம். மூணு, விட்டுப்போனதா எழுதியாச்சு. முன்னாடி விட்ட ஒண்ணோட ஆக மொத்தம் நாலு. இனி ஒண்ணுகூட விடக்கூடாது. படியைத் திரும்ப அஞ்சுக்கு வச்சிருக்கேன்." சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் கேட்டாள்: "ஆனா அம்மா, பதினொண்ணை எப்படித் தொட்டீங்க? எங்க மாணவங்களே ஒன்பதுல திணர்றாங்க."

"பொத்தான்தாம்மா. பொத்தானைப் பாத்துப் பாத்து..." என்று பெரியம்மா ஆரம்பித்தாள். வெட்கத்தோடு வெட்கமாக ஒரு பெருமையும் முகத்தில் எட்டிப்பார்த்தது.

பாப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பாருங்க, இதுலயும் பெருமை! திருட்டு ஆட்டம் ஆடினவங்களுக்கு."

அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம். பயிற்சி நேரத்தில் பெரியம்மா உள்ளே இருக்கக்கூடாது. கதவுக்கு வெளியே நடைவழியில் நின்று துணி மடித்துக்கொண்டிருப்பாள். உள்ளே டொக் கேட்டால் கை நிற்கும், டிங் கேட்டால் மடிக்கும். டேப்பின் எண்ணும் மாறிவிட்டது. என்ன எண் என்று அவள் கேட்கவில்லை. கூடுதல் வேலை வந்த நாட்களில் பாப்பா மேற்பார்வைக்காரரிடம் தானே பேசி, மூன்று நாள் மட்டும் ஆறு மணிக்குக் கிளம்ப அனுமதி வாங்கிக்கொண்டாள். அவளா கேட்டாள் என்று பெரியம்மாவால் நம்பவே முடியவில்லை.

கடைசி நாள் கதவு திறந்தது.

"எத்தனைடி?"

"ஒன்பது. உன் பதினொண்ணு வரல."

"பரவாயில்லடி, அது..."

"பரவாயில்லன்னு யார் சொன்னா? ஒன்பதும் நான் ஏறினது" என்றாள் பாப்பா.

மறு வாரம் ஸ்கேன். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ளே என்ன மாறியிருக்கிறது, மாறியிருக்கிறதா என்பதெல்லாம் தெரிய மாதக்கணக்கில் ஆகும் என்று குதிரைவால் முன்பே சொல்லியிருந்தாள். இரும்பு, உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. பாப்பா கம்மலைக் கழற்றினாள். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிப் பெரியம்மாவின் கையில் வைத்தாள்.

"ஆறு. எண்ணிக்கோ."

பெரியம்மா எண்ணினாள். ஆறுதான். தலையில் இன்னும் ஒன்று இருக்குமோ என்று பழக்கதோஷத்தில் கை தானாக எழுந்தது. பாதியில் அதைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

பாப்பா அதைப் பார்த்துவிட்டாள். கதவருகே போனவள் திரும்பி, "என் பேர்ல நீ போய்ப் படுத்துடாதே. உள்ள போறது நான்" என்றாள்.

"போடி போக்கிரி."

கதவு மூடியது. பெரியம்மா உள்ளங்கையில் ஊசிகளை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே இயந்திரம் தடதடவென்று அடிக்கத் தொடங்கியது.