பெண்சாதியின் கையெழுத்து

"போடுமன். பேனையைப் பிடிச்சுக்கொண்டு எவ்வளவு நேரம்தான் இருப்பீர்?" என்றான் டனிஸ்ரன். மூன்றாம் தரமாகக் கேட்கிறான்.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வந்து காற்சட்டைகூட மாற்றாமல், பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர்களுடைய மூன்றாம் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தப் படிவத்தை விரித்து வைத்திருந்தான். வேட்டைத் துவக்கு வைத்திருக்க அனுமதி கேட்டுக் கனடா அரசாங்கத்துக்கு அனுப்பும் விண்ணப்பம். பெயர், விலாசம், தெரிந்தவர்கள் இருவரின் விபரம் எல்லாம் கொட்டை எழுத்தில் நிரப்பியாகிவிட்டது. ஒரேயொரு கோடுதான் வெறுமையாகக் கிடந்தது. அது பெண்சாதி கையெழுத்து வைக்கவேண்டிய கோடு.

றொசானா வாசித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. பதினாலு வருசக் கலியாணத்தில் வாடகை ஒப்பந்தம், கார்க்கடன், வரிக் கடதாசி என்று அவன் "இஞ்சை" என்று விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்து வைத்த மனுசி அவள். ஒன்றையாவது வாசித்தாளா? வாசித்தால் அடிப்பான் என்றில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவளுடைய தாய்க்கும் இருக்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண் என்று எங்கள் சனம் சொல்வது இப்படிப்பட்டவளைத்தான்.

"புருசன் காட்டின இடத்திலை போடுறதுக்கு என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு?" என்றாள் மாமியார் கத்தரின், சோபாவில் இருந்தபடி, ஒருவரையும் பார்க்காமல்.

டனிஸ்ரனுக்கு இந்த ஆசை பிடித்த கதை சிரிப்பான கதை. றொசானாவின் தங்கச்சி ஜெயனி அமெரிக்காவில், ஹூஸ்டனில் இருக்கிறாள். அவள் புருசன் றொக்சன். ஞாயிற்றுக்கிழமைகளில் சகலன்மார் இரண்டு பேரும் வீடியோவில் பட்டிமன்றம் வைப்பார்கள். அங்கே எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தில் துவக்குச் சூடு நடந்தால் போதும், டனிஸ்ரன் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிடுவான். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள், நீங்கள் அங்கே கத்தரிக்காய் வாங்குகிற மாதிரித் துவக்கு வாங்குகிறீர்கள், உங்களுக்கு என்ன விசரோ என்று கேட்பான். றொக்சன் சிரிப்பான். அது தங்கள் நாட்டுச் சட்டம் தந்த உரிமை என்பான். பொலிஸ் வருமட்டும் கள்ளனுக்குக் கோப்பி போட்டுக் கொடுக்கத் தான் கனடாக்காரன் இல்லை என்பான். பத்து வருசம் நடந்த பட்டிமன்றம் இது. ஒவ்வொரு முறையும் தன் புருசன்தான் வென்றான் என்று றொசானா நினைத்துக்கொள்வாள்.

போன கோடையில் குடும்பத்தோடு ஹூஸ்டனுக்குப் போனார்கள். றொக்சன் அவனைச் சுடப்பழகும் இடத்துக்குக் கூட்டிப்போய்க் கையில் ஒரு நீட்டுத் துவக்கைக் கொடுத்தான். அவ்வளவுதான், பத்து வருச வாதம் பத்து நிமிசத்தில் முடிந்துவிட்டது. றொக்சனுக்குப் பெரிய வீடு, இரண்டு கார், அதையெல்லாம் டனிஸ்ரன் எப்படியோ பொறுத்துக்கொண்டான். அவனுடைய இரும்பு அலுமாரி நிறையத் துவக்கு நின்றதைப் பொறுக்க முடியவில்லை. திரும்பி வந்த கிழமையே மான் வேட்டைக்கென்று சொல்லி, தொழிற்சாலை நண்பன் ஒருவனோடு பயிற்சி வகுப்பில் சேர்ந்தான். சோதனையிலும் தேறிவிட்டான். மானை அவன் பார்த்ததெல்லாம் கார்க் கண்ணாடிக்குள்ளால்தான்.

றொசானா மட்டும் என்ன குறைவா? சும்மா சொல்லக்கூடாது, அவளுடைய வயிற்றெரிச்சல் புருசனுடையதைவிடப் பழையது. ஜெயனி அவளுக்கு நாலு வயது இளையவள். படிப்புக் குறைவு. நிறமும் குறைவென்று சொந்தபந்தமெல்லாம் அவளுக்கு முன்னாலேயே சொல்லிச் சலித்தது. அவளுக்குப் போய் அப்படியொரு வாழ்வா! சமையலறைக்கு நடுவில் கல் பதித்த மேசை, இரண்டு கதவுப் பிரிட்ஜ், பின்வளவில் நீச்சல் குளம். ஒவ்வொரு படமாக ஜெயனி அனுப்புவாள். றொசானா "வடிவாயிருக்கு" என்று எழுதி அனுப்பிவிட்டு, அன்றைக்குச் சட்டிகளை உடைக்காத குறையாகக் கழுவுவாள். இதற்குள் மாமியும் புருசனும் அவளுக்குப் புத்தி சொல்ல உதாரணம் காட்டும் ஆளும் ஜெயனிதான். ஜெயனி அதிர்ந்து கதைக்கமாட்டாள், ஜெயனி புருசனை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. கேட்டுக் கேட்டுத் தங்கச்சியின் பெயரே அவளுக்குக் கசந்துபோயிற்று.

ஆகவே டனிஸ்ரனும் ஒரு துவக்கோடு நின்று படம் எடுத்து ஹூஸ்டனுக்கு அனுப்பினால் அவளுக்கும் நெஞ்சு குளிரத்தான் செய்யும். ஒரு நாளாவது ஜெயனி தங்களைப் பார்த்து எரியட்டுமே.

ஆனால் டனிஸ்ரனிடம் வேறொரு பொறாமையும் இருந்தது. றொசானா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். பஸ்ஸில் ஏறினால் அவனுக்கு ஒரு படம் அனுப்பவேண்டும், இறங்கினால் இன்னொன்று. பத்து நிமிசம் பிந்தினால் போன் அடிக்கும். போன மாசி மாதம், கொட்டுகிற பனிக்குள், அந்த இல்லத்துக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு அவளுடைய வேலை முடியுமட்டும் எட்டு மணித்தியாலம் உள்ளேயே இருந்தான். கூட வேலை செய்யும் ஹெயிட்டிக்காரச் சமையல்காரர் ஏதோ சொல்ல, அவள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவளுடைய போனைச் சுவரில் அடித்து நொறுக்கினான். அடுத்த நாள் புதுப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு அழுதான். பாசம் கூடினவனுக்கு அப்படித்தான் வரும் என்றாள் மாமி. றொசானா கோயிலில் தெரிந்த இரண்டு பெண்களிடம் வாய் விட்டுச் சொன்னாள், அவர்களும் அதையே சொன்னார்கள். ஆம்பிளையின் சந்தேகத்துக்கு எங்கள் சனம் பாசம் என்று பெயர் வைத்து ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டது.

அன்றைக்கு அவன் கையில் அகப்பட்டது போன். துவக்கு வீட்டுக்கு வந்தபிறகு இன்னொரு மாசி மாதம் வந்தால் என்ன நடக்கும்? ஒரு பக்கம் ஆசை இழுத்தது, மறுபக்கம் பயம் இழுத்தது.

எழுத்துச் சின்னன், கண்ணாடி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று கடைசித் தாளோடு எழும்பி அறைக்குள் போனாள். கண்ணாடியை எடுத்தாள். பிறகு, ஆசைதான், அந்த வெறுங்கோட்டைப் படம் எடுத்து ஜெயனிக்கு அனுப்பினாள். நாங்களும் வாங்கப்போகிறோம், இங்கே பெண்சாதியிட்டைக் கேட்டுத்தான் கொடுப்பார்கள் என்று கீழே எழுதினாள். எழுதும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

உடனே போன் அடித்தது. எப்போதும் வீட்டைக் காட்டிக்கொண்டு வீடியோவில் வரும் ஜெயனி இன்றைக்கு வெறும் குரலாக வந்தாள். அதுவும் இரகசியக் குரல். றொக்சன் குளிக்கிறான், அதுவரைக்கும்தான் கதைக்கலாம் என்றாள். கோட்டுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, வாசி என்றாள். றொசானா வாசித்துத் தமிழில் சொன்னாள். மனைவி கையெழுத்து வைக்காவிட்டால் விண்ணப்பத்தைப் பற்றி அவளுக்குத் தனியாக அறிவிப்பார்கள், பாதுகாப்பைப் பற்றிக் கவலை ஏதும் இருந்தால் இந்த இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லலாம். ஜெயனி இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

"இஞ்சை அவர் கடைக்குப் போய் ஒரு மணித்தியாலத்திலை துவக்கைக் கொண்டு வந்தவர், அக்கா. நான் கோழி பொரிச்சுக்கொண்டு நிண்டனான்."

"ஏன்டி, என்ன நடந்தது?"

"என்ரை போனைப் பாக்கேக்கை அதைக் கொண்டுவந்து மேசையிலை வைப்பார். நீட்டமாட்டார். வெருட்டவும் மாட்டார். வைச்சிட்டு, இண்டைக்கு ஆரோடை கதைச்சனி எண்டு ஆறுதலாக் கேப்பார். நீ வடிவெண்டு எழுதுவியே, அந்தக் கல்லு மேசைதான்."

றொசானா கட்டிலில் குந்திவிட்டாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வா என்றாள். வரலாம், யோசிக்கிறேன் என்று ஜெயனி அவசரமாகச் சொன்னாள். வருகிற குரலாக அது இல்லை.

"உனக்கெண்டாலும் ஒரு கோடு போட்டு வைச்சிருக்கிறாங்கள். சத்தியமா அக்கா, உன்னை நினைக்க எனக்கு வயித்தெரிச்சலாக் கிடக்கு. போட்டிடாதை."

அங்கே தண்ணீர்ச் சத்தம் நின்றது. போனும் நின்றது.

தங்கச்சி ஒரு நாளாவது தன்னைப் பார்த்துப் பொறாமைப்படவேண்டும் என்று பதினாலு வருசம் ஆசைப்பட்டவள் றொசானா. ஆசைப்பட்டது கிடைத்தேவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். தங்கச்சியின் படங்களைப் பார்த்து எரிந்த ஒவ்வொரு நாளும் நினைவுக்கு வந்தது. தன்னைத் தானே செருப்பால் அடிக்கவேண்டும் போல் இருந்தது.

முகம் கழுவி வெளியே வந்து, தாளை மேசையில் வைத்தாள். தான் கையெழுத்து வைக்கப்போவதில்லை என்று சொன்னாள். டனிஸ்ரன் முதலில் சிரித்தான். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தான். கோடு வெறுமையாகவே கிடந்தது.

"நீர் போடாட்டியும் நான் அனுப்பலாம், தெரியுமே? உமக்கு ஒரு அறிவித்தல் வரும். இல்லாட்டிப் போனடிச்சுக் கேப்பாங்கள். அவ்வளவுதான்."

"அனுப்புங்கோ. கேட்டாக் கதைக்கிறன்."

"என்னத்தைக் கதைப்பாய்?" 'நீர்' போய் 'நீ' வந்துவிட்டது.

"நடந்ததை. காருக்குள்ளை எட்டு மணித்தியாலம் இருந்ததை, போன் உடைச்சதை. கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

டனிஸ்ரன் எழும்பினான். முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்து, மாசி மாதம் நின்ற அதே நிலையில் நின்றான். கைக்கு அகப்பட்டதைத் தூக்கி எறிந்தான். அகப்பட்டது பேனை. அது அவளுடைய தோளில் பட்டுக் கீழே விழுந்தது.

றொசானா தோளைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றாள். சோபாவில் இருந்த மாமி தலையில் கை வைத்தாள்.

"உன்ரை தங்கச்சியைப் பாத்தெண்டாலும் பழகு, பிள்ளை. அவள் வேண்டாம் எண்டு ஒரு சொல் சொல்லியிருப்பாளே?"

"அவளை ஆர் மாமி கேட்டது?" என்றாள் றொசானா.