ஏசி டயர்

டமாலே நகரத்தில் டயர் வாங்க வருகிறவர்கள் எடுத்ததும் விலை கேட்க மாட்டார்கள். டயரின் மேல்பரப்பில் ரோட்டைப் பிடிக்க வெட்டியிருக்கிற பட்டனுக்குள் கட்டை விரலை விட்டு ஆழம் பார்ப்பார்கள். நகம் முழுக்கப் புதைந்தால் முகம் மலரும். புதையாவிட்டால் "இது செருப்பு தைக்கத்தான் ஆகும்" என்று நக்கலடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். புத்தம்புது டயர் போடுகிற வசதியெல்லாம் கவர்மென்ட் ஜீப்புகளுக்கு. மற்றவர்களுக்கு ஐரோப்பாவில் ஓடி முடித்துக் கப்பலேறி வந்ததுதான் கதி. அபோவாபோ சந்தைக்குப் பின்னால் அதை விற்கிற கடைகள் பதினேழு. அதில் நபாரியின் கடைக்கு மட்டும் தனி மவுசு. அவன் ஏசி டயர் விற்கிறவன்.

அந்தப் பெயரை வைத்ததே அவன்தான். சில டயர்களின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள ஒரு மலையும், மலைக்குள் ஆறு கை விரித்த ஒரு பூவும் அச்சாகியிருக்கும். அதே பூவை நபாரி ஏசி ரிமோட்டில் பார்த்திருக்கிறான், மச்சான் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் பார்த்திருக்கிறான். ரிமோட்டில் அந்தப் பூவை அமுக்கினால் குளிர்காற்று வருகிறது. ஆக, பூப்போட்ட டயர் ஓட ஓடச் சூடாகாத டயர். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? தொட்டால் ரப்பரும் மற்றதைவிட மெத்தென்று இருக்கும், பட்டனில் விரல் விட்டால் பாதி விரல் காணாமல் போகும். மார்ச் மாதத்தில் தார் ரோட்டோடு செருப்பு ஒட்டிக்கொள்கிற ஊரில், சூடாகாத டயரை எவன் வேண்டாம் என்பான்? பதினோரு வருடமாக விற்றுத் தீர்த்துக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டு மற்ற பதினாறு கடைக்காரர்களும் அதே பெயரைச் சொல்லி விற்க ஆரம்பித்தார்கள். வெட்கம் கெட்டவர்கள் என்று நபாரி திட்டுவான், உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

அன்று சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு அவன் மனைவி சனாத்து வீட்டுக் கொரொல்லாவை எடுத்துக்கொண்டு டெச்சிமானுக்குக் கிளம்பியிருந்தாள். தங்கையின் குழந்தைக்குப் பெயர் வைக்கிற விசேஷம். பின்சீட்டில் ஒன்பது வயது மகளும் ஐந்து வயது மகனும், டிக்கி நிறைய அரிசி மூட்டையும் கினிக்கோழிக் கூண்டும். சனாத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற நர்ஸ். தினம் உயிரைக் கையில் பிடித்துப் பழகியதாலோ என்னவோ, கார் ஓட்டும்போது முள் எழுபதைத் தாண்டாது. அந்தக் காருக்கு வியாழக்கிழமைதான் நபாரி நாலு ஏசி டயர் மாட்டினான். புதிதாக வந்த கன்டெய்னரில் முந்நூறு டயரைப் புரட்டிப் பொறுக்கியவை.

"பொணம் தூக்குற ஜனாஸா வண்டி மாதிரி உருட்டிக்கிட்டுப் போவாதே. இந்த டயருக்கு நூத்தம்பதுல மிதிச்சாலும் வேர்க்காது" என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பினான். சனாத்து தலையாட்டினாள்.

பத்து மணிக்கு ஒரு பெண் கடை முன்னால் பழைய வெள்ளைக் காரை நிறுத்திவிட்டு இறங்கினாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் லரிபா. பன்னிரண்டு வருடம் ஹாம்பர்க்கில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் அப்பாவைப் பார்க்க வந்தவள் என்று சந்தைக்கே தெரியும். அங்கே என்ன வேலை பார்த்தாள் என்பதுதான் நபாரிக்குத் தெரியாது.

"அப்பா காருக்கு நாலு டயர் வேணும் தம்பி. நூத்தித் தொண்ணூத்தஞ்சு, அறுபத்தஞ்சு, பதினஞ்சு. ஹெச் போட்டது."

"ஹெச் எதுக்குக்கா? க்யூவே தர்றேன்."

"க்யூ வேணாம்ப்பா."

"ஏ பி சி டி படிச்சிருக்கீங்கல்ல? ஹெச் எட்டாவது எழுத்து. க்யூ பதினேழாவது. எது ஒசத்தி?"

லரிபா சிரித்தாள். "எல்லாரும் இப்படித்தான் நெனைக்கிறாங்க. மத்த எழுத்தெல்லாம் வரிசைல வரும், ஹெச் மட்டும் யூவுக்கும் வீக்கும் நடுவுல போய் உக்காந்துக்கும். க்யூன்னா நூத்தறுபது கிலோமீட்டர் வரைக்கும். ஹெச்சுன்னா இருநூத்திப் பத்து."

"இந்த ஊர்ல யாருக்கா இருநூத்திப் பத்துல போறா? கழுதை குறுக்க வந்தா கழுதைக்கே சிரிப்பு வந்துரும்."

"வேகத்துக்கு மட்டும் இல்ல. எவ்ளோ சூட்டைத் தாங்கும்ங்கிறதும் அதுல அடங்கியிருக்கு. அதான் கம்பெனிக்காரன் டிரைவர் கதவுக்குப் பக்கத்துல ஹெச்சுன்னு எழுதி ஒட்டி வெச்சிருக்கான்."

சூடு என்ற சொல் வந்ததும் நபாரிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இதற்காகவே காத்திருந்தவன்போல உள்ளே போய் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். துணியால் துடைத்து மலையும் பூவும் தெரிகிற பக்கத்தை அவளுக்குக் காட்டினான். "சூடுன்னு சொன்னீங்கல்ல. இது சூடே ஆகாது. ஏசி டயர்."

லரிபா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து கடைக்குள் பார்த்தாள். கூரை வரைக்கும் அடுக்கியிருந்த டயர்களில் பாதிக்கு மேல் அதே மலை. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இதையா விக்கிறே?"

"பதினோரு வருஷமா."

"தம்பி, இது பனிக்குப் போடுற டயரு. அங்க வானத்துலேருந்து ஐஸ் கொட்டும், ரோடு கண்ணாடி மாதிரி வழுக்கும். அதுல பிடிச்சு நிக்கணும்னு ரப்பரை வேணும்னே மெத்துன்னு செய்யறான். குளிர்ல ஓட்டத்தான் இந்தப் பூவு. குளிர்ச்சியா இருக்கும்னு இல்ல. வெயில் ஆரம்பிச்சாலே நாங்க கழட்டி வெச்சிருவோம். நான் பன்னெண்டு வருஷமா அந்த வேலைதான் பார்த்தேன், டயர் மாத்துற வேலை."

நபாரி சிரித்துப் பார்த்தான். "அக்கா, அவ்ளோ தூரம் போய் என் ஏசி டயரைக் குறை சொல்லவா கத்துக்கிட்டு வந்தீங்க?"

அவள் கைப்பேசியை எடுத்துத் தடவி ஒரு படத்தைக் காட்டினாள். தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு லரிபா நிற்கிறாள். பக்கத்தில் ஒரு கார், ஜன்னல் வரைக்கும் வெள்ளையில் புதைந்து கிடக்கிறது. அவள் கையில் பிடித்திருந்த டயரில் மூன்று சிகரம், உள்ளே அந்தப் பூ.

"இன்னிக்கு இங்க எத்தனை டிகிரி?" என்று கேட்டாள்.

"நாப்பத்தொண்ணு."

"நிறைய ஆளு ஏத்தி, நிறைய மூட்டை ஏத்தி, இந்த வெயில்ல வேகமாப் போனா உள்ள கொதிச்சு பட்டை பட்டையா உரிஞ்சு வந்துரும். அதுவும் இது பத்து வருஷத்துக் கிழடு. இதை அள்ளிட்டுப் போறதுக்கு அங்க நாங்கதான் காசு குடுப்போம்."

நபாரிக்கு அதற்கப்புறம் அவள் பேசியது காதில் விழவில்லை. நிறைய ஆள், நிறைய மூட்டை, வேகம். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். எதுவும் குறையவில்லை. வேகத்தை மட்டும் அவனே தன் வாயால் சொல்லி அனுப்பியிருந்தான்.

"என் பொண்டாட்டி போயிருக்காக்கா" என்றான். "பசங்களோட. இதைப் போட்டுக்கிட்டு."

சனாத்துவின் எண்ணுக்கு அடித்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அடித்தான். அவசரத்தில் ஒரு முறை வேறு யாருக்கோ போய்விட்டது. டெச்சிமான் போகிற வழியில் பூயிபே பாலத்துச் சோதனைச் சாவடிப் பக்கம் டீ விற்கிற ஒருவனைத் தெரியும், அவனைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"நீலக் கொரொல்லாதானே? போயி ஒன்றரை மணி நேரம் ஆச்சுண்ணே. உங்க பொண்ணு எனக்குக் கை காட்டிட்டுப் போச்சு."

பூயிபேக்கு அப்புறம் கிந்தாம்போ வரைக்கும் நேர்ரோடு. புழு நெளிந்தாலும் தூரத்திலிருந்தே தெரியும். யாருக்கும் மிதிக்கத்தான் தோன்றும். கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது. நபாரி ஒரு டயர்மேல் உட்கார்ந்தான். எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் நெருப்பைத் தொட்டவன்போல் எழுந்துகொண்டான். ரப்பர் மெத்தென்று இருக்கிறது, மெத்தென்று இருக்கிறது என்று எத்தனை பேர் கையைப் பிடித்துத் தொட வைத்திருக்கிறான். அவனுக்கே ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லையே, ஏன் மெத்தென்று இருக்கிறது என்று.

"நின்னு அழுவாதே. ஹெச் எங்க வெச்சிருக்கே?" என்று லரிபா அதட்டினாள்.

கடைக்குப் பின்பக்கம், பாதி விலைக்குக்கூடப் போகாமல் ஒரு குவியல் கிடந்தது. பட்டன் ஆழம் இல்லை என்று எல்லாரும் ஒதுக்கியவை. லரிபா ஒவ்வொன்றாகப் புரட்டி, எழுத்தைப் பார்த்து, வருடத்தைப் பார்த்து, நாலைத் தனியே எடுத்துப் போட்டாள். "மூணு வருஷம்தான் ஆச்சு. இதை விட்டுட்டு அதையா மாட்டினே?" என்றாள். ஜாக்கியையும் டயர்களையும் லரிபாவின் காரில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தது. சனாத்து.

"எங்க இருக்கே? பசங்க எங்க?"

"ஏன் கத்தறீங்க? கிந்தாம்போகிட்ட இருக்கோம். இப்பதான் சிக்னலே வந்துச்சு. பசங்க மரத்தடியில உக்காந்து தர்பூசணி தின்னுதுங்க."

"எத்தனைல ஓட்டினே?"

"எப்பவும் ஓட்டறதுதான், எழுபது. நீங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுவேன். கேட்டிருக்கேனா என்னிக்காவது?"

நபாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கட்டின நாளிலிருந்து எதற்காக அவளோடு மல்லுக்கட்டினானோ, அதற்காக அல்லாவுக்கு நன்றி சொன்னான். கண்ணில் நீர் கொட்டியது. "அந்தக் காரை இனி ஒரு அடி நகர்த்தாதே. நான் வேற டயரோட வர்றேன். ஏன்னு வந்து சொல்றேன்" என்றான்.

"நானும் எங்க நகர்றது? நான் ஏன் நின்னேன்னு கேக்கவே இல்லையே நீங்க. இங்க நம்ம வும்பெய் வாத்தியார் கார் கவுந்து கிடக்கு. எங்களைத் தாண்டிப் பறந்துக்கிட்டுப் போனாரு. கொஞ்ச தூரம் போய்ப் பாத்தா பள்ளத்துல. பின்டயர் தோலை உரிச்ச மாதிரி ரோட்டுல கிடக்கு. அவருக்குக் கை முறிஞ்சிருக்கு, கட்டிட்டேன். அவர் வீட்டம்மாதான்..." சனாத்துவின் குரல் இறங்கியது. "கண்ணு முழிச்சுத்தான் இருக்காங்க. கால்ல கிள்ளினா தெரியலைங்கிறாங்க. அசைக்காம வெச்சிருக்கேன். ஆம்புலன்ஸ் வருது."

வும்பெய் வாத்தியார் போன மாதம் வந்தவர். டயர் விஷயம் எனக்கு ஒன்றும் தெரியாதப்பா, நீயே பார்த்துக் கொடு என்று கைகட்டி நின்றவர். அவருக்கும் நாலு ஏசி டயர்தான் மாட்டி அனுப்பியிருந்தான். லரிபா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாத்தியார் உங்ககிட்ட என்னமோ சொல்லணுமாம். குடுக்கறேன்" என்றாள் சனாத்து.

வாத்தியாரின் குரல் வலியில் விட்டு விட்டு வந்தது. "நபாரி, நீ மனசுல எதையும் வெச்சுக்காதே. உன் டயர் மேல குத்தமே இல்ல. நூத்தி நாப்பதுல அலுங்காம வந்துச்சுப்பா. பாழாப்போன ரோடு, எங்கயோ கல்லு குத்தியிருக்கு. மீதி மூணும் ஜம்முனு இருக்கு. அதே மலை போட்டது ஒண்ணு எனக்கு எடுத்து வெச்சிரு. வேற யாருக்கும் குடுத்துராதே."

"வாத்தியாரே, கல்லு குத்தல. டயருதான். நான்தான். விஷயம் தெரியாம வித்துட்டேன்."

அந்தப் பக்கம் வாத்தியார் இருமினார், சிரிக்க முயன்றிருப்பார் போலிருக்கிறது. "நீ நல்லவன்யா நபாரி. அதான் எல்லாத்தையும் உன் தலையில தூக்கிப் போட்டுக்கறே" என்று அவனுக்கு ஆறுதல் சொன்னார்.