மேஸ்திரியின் கிண்ணம்

எங்கள் வீட்டுப் பூனைக்கு மேஸ்திரி என்று பெயர். ஒரு வேலையும் செய்யாது. அடுத்தவர்கள் வேலை செய்யும்போது பின்னால் உட்கார்ந்து குறை பார்க்கும். பத்து வயது, ஆறரைக் கிலோ, இடது காதில் ஒரு பழைய வெட்டு.

அது மூத்திரம் போகிற மண் தட்டில் ஏறி, முக்கி, ஒரு சொட்டும் போகாமல் இறங்கியதை முதலில் பார்த்தது நான்தான். பகலில் வீட்டில் இருப்பது நான் ஒருவன். பால் பதனிடும் ஆலையில் ஆறு வருடம் இரவு ஷிப்டில் தொட்டி கழுவினேன். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஷிப்டின் நடுவில் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. "சரி, இனிமே பூனைச் சாப்பாட்டை நீ பாத்துக்கோ" என்றாள். அவள் தையல் கடையில் துணி வெட்டுபவள். எதையும் அளந்துதான் பேசுவாள்.

அன்றே தூக்கிக்கொண்டு போனேன். கால்நடை டாக்டர் குழாய் விட்டு மூத்திரத்தை எடுத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"உள்ள பொடிப்பொடியா கல்லு. காய்ஞ்ச தீனியை அடியோட நிறுத்துங்க. ஈரமான டின் சாப்பாடு, அதுலயும் ரெண்டு ஸ்பூன் தண்ணி கலந்து."

"பிடிக்கலைன்னு சாப்பிடாம கிடந்தா? பசிச்சா தானா வந்துடும்ல?"

"அந்த வீராப்பெல்லாம் பூனைகிட்ட வேணாம். பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுடும். நாளைக்கு சாயந்திரம் ஆறு மணிக்குள்ள சாப்பிடலைன்னா தூக்கிட்டு வந்துடுங்க. மூக்கு வழியா குழாய் வெச்சுத்தான் ஊட்டணும்."

மேஸ்திரி என்னைப் பார்த்தது. இதுவும் உன் தப்புதான் என்கிற பார்வை.

கடையில் அரை மணி நேரம் டின்களைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். இறைச்சி முதலில் எழுதியிருக்கிறதா, மாவு எவ்வளவு, ஈரம் எத்தனை சதவீதம். கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார்.

"சார், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கறீங்களா, பூனைக்குத் தீனி பாக்கறீங்களா?"

"மாப்பிள்ளைன்னா இவ்வளவு படிக்கமாட்டேன்."

நான்கு வகை வாங்கினேன். கோழி, வான்கோழி, இரண்டு விதமான மீன். முதலில் கோழி. சுடுதண்ணீரில் டின்னை வைத்து இளஞ்சூடாக்கி, தண்ணீர் கலந்து, காய்ந்த தீனி நாளில் கழுவவே தேவைப்படாத கிண்ணத்தை அன்றைக்கு நன்றாகக் கழுவி அதில் வைத்தேன். மேஸ்திரி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. ஒரு முழம் இருக்கும்போது நின்றது. காதை மடக்கியது. கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிறாண்டியது, மலத்தை மண் போட்டு மூடுகிற மாதிரி. என் முகத்துக்கு நேராக அதைச் செய்துவிட்டுப் போய்விட்டது.

கிண்ணத்தை முதல் தடவை மாதிரியே மஞ்சள் திரவம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஆலையிலிருந்து எப்போதோ வீட்டுக்கு வந்த கேன். அங்கே தொட்டிக்கு எப்படியோ இங்கே கிண்ணத்துக்கும் அப்படியே. வேலையை விட்டேன், பழக்கத்தை விடவில்லை. வான்கோழி வைத்தேன். பிறாண்டல். மறுபடி கழுவினேன், இன்னும் அழுத்தி. முதல் மீனும் அதே கதி.

மறுநாள் மத்தியானம் அது அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தது. நான் தரையில் குப்புறப் படுத்து, அதோடு பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

ஐந்து மணிக்கு அக்கா வந்தாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூட எடுக்கவில்லை.

"சாப்பிட்டானா?"

"இல்ல."

"நீ?"

"பசிக்கல."

"நல்லது. டாக்டர்கிட்ட ரெண்டு குழாயா வெக்கச் சொல்றேன்."

நான் பூனைக் கூடையை எடுக்கப் போனேன். அவள் கடைசி டின்னை உடைத்தாள். கிண்ணம் பாத்திரத் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. அதனால் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் கவிழ்த்து, குழாயடியில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, அலமாரிக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டாள். சூடாக்கவில்லை. அளக்கவில்லை.

முதலில் மீசை வந்தது. அப்புறம் தலை. நக்குகிற சத்தம் கேட்டது.

நான் கூடையோடு நின்றேன். சந்தோஷத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"நேத்துலேர்ந்து நான் தாங்கு தாங்குன்னு தாங்கறேன். உன் எச்சில் மூடியில வெச்சா திங்குது!"

அக்கா தொட்டியிலிருந்து கிண்ணத்தை எடுத்து முகர்ந்தாள். தலையைச் சட்டென்று பின்னால் இழுத்தாள்.

"ஐயோ! என்னடா இது, எலுமிச்சை மண்டைக்கு ஏறுது!"

"எலுமிச்சையா? ஒண்ணும் வரலையே."

கிண்ணத்தை என் மூக்கில் ஒட்டி வைத்தாள். நிஜமாகவே ஒன்றும் வரவில்லை.

"ஆறு வருஷம் அதுல முங்கிக் கிடந்தவனுக்கு எங்கேர்ந்து வரும்? நான் ஆரஞ்சு உரிச்சாலே மேஸ்திரி அறையை விட்டு ஓடுவான். பாத்ததில்ல?"

"பகல்ல நான் தூங்கிட்டிருப்பேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. "பாவம்டா மேஸ்திரி. பினாயில் ஊத்தின இடத்துல இலை போட்டு விருந்து வெச்சிருக்கான் உனக்கு."

கேனை மூடி வாசலுக்கு வெளியே வைத்தேன். கையை வெறும் சோப்பு போட்டு நான்கு தடவை கழுவினேன். டாக்டருக்கு போன் செய்தேன். "சாப்பிட்டா சரி, மூத்திரம் போகுதான்னு மட்டும் பாருங்க" என்றார்.

ஆறேகாலுக்கு மேஸ்திரி மண் தட்டில் ஏறியது. நானும் அக்காவும் மூச்சு விடாமல் நின்றோம். எங்களைப் பார்த்து முறைத்துவிட்டு, நிதானமாகப் போனது. மண்ணில் உள்ளங்கை அளவுக்கு ஈரம். அதைப் பார்த்து இரண்டு பெரிய மனிதர்கள் கைகுலுக்கிக்கொண்டோம்.

பிறகு அது என் விரலை முகர்ந்தது. பின்வாங்கியது. யோசித்தது. விரலை விட்டுவிட்டு என் முழங்கால்மேல் தலையை முட்டியது. அதுவரைக்கும் போதும்.

அக்கா என் முன்னால் சோற்றுத் தட்டை வைத்தாள்.

"தட்டை நான்தான் கழுவினேன். பயப்படாம சாப்பிடு."